பிள்ளைக்கு ஓயாத தடிமன்: ஒவ்வாமையாய் இருக்குமோ?

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருக்கோணமலையில் மூக்கொழுகாத பிள்ளையுள்ள வீடு அரிது. மழை தை வரை விட்டுவிட்டுப் பெய்யும், மெத்தை காயாது, சுவர் கசியும், பாலர் பாடசாலையில் இன்று ஒரு பிள்ளை தும்மினால் மறுவாரம் பத்துப் பிள்ளைகள் தும்மும். இஃது இயல்பே. ஆனால், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்றுச் சுட்டெரிக்கும் போதும் அதே பிள்ளைக்கு அதே மூக்கு ஒழுகுமாயின் பெற்றோர் சற்றே நின்று யோசித்தல் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. பள்ளிப் பருவத்துக்கு முந்திய பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை தடிமன் பிடிப்பது வழமைக்கு மாறானதன்று. பாலர் பாடசாலைக்குப் புதிதாகச் செல்லும் பிள்ளைக்கு 10, 12 தடவைகூட வரலாம். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் நீடிக்கும். இருமல் அதன் பின்னும் ஒரு கிழமை, இரு கிழமை இழுபடும். கூட்டிப் பார்த்தால் வருடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம்! பிள்ளையின் நிறை ஒழுங்காக ஏறுகின்றதா, தடிமன் இல்லாத நாட்களில் அது ஓடியாடித் திரிகின்றதா என்பவையே முக்கியம். குடும்பநல மாது நிறுத்துக் குறித்துத் தரும் வளர்ச்சிப் புத்தகம் இதற்காகவே உளது.

நிற்க. வீடுகளில் நடப்பது வேறு. பிள்ளை தும்மிய மறுகணமே விசாரணை தாயின்மேல் தொடங்கிவிடுகின்றது. "தலைக்கு வார்த்தாயா? தயிர் கொடுத்தாயா? இளநீர் பருக்கினாயா?" என்று மாமியாரும் கேட்பார், அயலவரும் கேட்பர். எமது இல்லத்திலும் இவ்விசாரணை நடந்ததுண்டு. நான்கு வயது மகளுக்கு ஓராண்டு காலம் தோடம்பழம், வாழைப்பழம், தயிர் யாவும் விலக்கப்பட்டன. முழுக்குக் கிழமைக்கு ஒன்றாயிற்று. தடிமன் மாத்திரம் குறைந்தபாடில்லை. தடிமனைத் தருவது வைரஸ் கிருமி. அது மனிதரின் மூச்சிலும் கையிலும் தொற்றி வருவதன்றி வாழைப்பழத்தில் ஏறி வருவதன்று. அதே காலத்தில் நகரிலுள்ள தனியார் மருந்தகம் ஒன்றில் சென்ற போதெல்லாம் அன்ரிபயோட்டிக் பாணி தந்தனர். ஓராண்டில் ஏழு போத்தல்! வைரஸை அன்ரிபயோட்டிக் கொல்லாது. வேண்டாதபோது கொடுத்தால் வயிற்றோட்டம் உண்டாவதுடன், உண்மையிலேயே வேண்டிய நாளில் கிருமிகள் மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

பின்னர் அரசாங்க வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடம் போனோம். அவர் நெஞ்சில் குழாய் வைப்பதற்கு முன்னர் கேள்விகளையே அடுக்கினார். காய்ச்சல் வருவதுண்டா? சளி தண்ணீர் போன்றதா, தடித்ததா? தும்மல் விடியற்காலையிலா, பகலிலா? மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்க்கின்றாளா? கண் கடிக்கின்றதா? தாய் தந்தையர் வழியில் முட்டு, கரப்பன் உள்ளவர் உண்டா? எந்த மெத்தையில் படுக்கின்றாள்? நாம் விழித்து நிற்க, மனைவியார் பையிலிருந்து ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து நீட்டினார். இரண்டு மாதமாக நாளும் நேரமும் குறித்து வைத்திருந்தார். காய்ச்சலின்றித் தும்மிய நாட்களே அதில் பெரும்பான்மை. அவற்றுள்ளும் பெரும்பான்மை படுக்கையை விட்டெழுந்த வேளை. வைத்தியர் கொப்பியை இருமுறை புரட்டிவிட்டு, "பாதி விடை இதிலேயே இருக்கிறது" என்றார். வீட்டில் விசாரணை அன்றோடு நின்றது.

தடிமனென்றால் பெரும்பாலும் காய்ச்சலோ தொண்டை நோவோ முன்வரும்; பத்து நாளில் அடங்கும். ஒவ்வாமையோ காய்ச்சலின்றி, அடுக்கடுக்கான தும்மலும் கடியும் தெளிந்த நீரொழுக்குமாய் வாரக்கணக்கில் நிற்கும். கண்ணின் கீழ் கருமை படியும். ஓயாது தேய்ப்பதால் மூக்கின் குறுக்கே ஒரு கோடும் விழும். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருத்தலும் கூடும், மயக்கம் அதனாலேயே.

உலகம் 'அலர்ஜி' என வழங்கும் சொல்லைப் படைத்தவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே, ஆண்டு 1906. குதிரையின் குருதிநீரிலிருந்து செய்த மருந்தை இரண்டாம் முறை ஏற்றியபோது சில பிள்ளைகளின் உடல் முன்னையிலும் விரைந்து சீறியதை அவரும் பேலா ஷிக் என்பாரும் கண்டனர். காக்க வேண்டிய சக்தியே வேண்டாத இடத்தில் வாளை உருவுகின்றது என்பதே இதன் பொருள். மற்றவரை வருத்தாத தூசி ஒரு பிள்ளையை மட்டும் வருத்துவது இதனாலேயே.

துறைமுகப் பக்கத்தில் வாழும் நாம் தூசியென்றதும் சீனக்குடாவின் மா ஆலையையும் சீமெந்து ஆலையையும் நோக்கிக் கைகாட்டுகின்றோம். ஆனால், தூசி உண்ணி எனும் பகைவன் தலையணைக்குள்ளேயே குடியிருக்கின்றான். கண்ணுக்குப் புலனாகாத இவ்வுண்ணி நமது உடலிலிருந்து உதிரும் தோற்பொடியைத் தின்று வாழ்வது. ஈரக்காற்று அதற்கு உயிர். வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு மூலம் இதுவேயென்று 1960-களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர் காட்டினர். கடற்கரை ஊரில் பழைய பஞ்சுத் தலையணை இதற்கு அரண்மனையன்றோ? உறைகளைக் கிழமைக்கொரு முறை 60 பாகை வெந்நீரில் தோய்த்தலும், வெயில் கண்ட நாளில் மெத்தையை முற்றத்தில் போட்டுக் காயவிட்டுத் தட்டுதலும் செலவில்லா மருந்து.

அடுத்தது நுளம்புத்திரி. ஒரு திரி எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளினதற்குச் சமமென 2003-இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. அடைத்த அறையில் அதை ஏற்றிவைத்துப் பிள்ளையைத் துயிலவைக்கின்றோம்! நுளம்பு வலை இருக்க இது எதற்கு? சாம்பிராணிப் புகையையும் பிள்ளை படுக்கும் அறைக்குள் விடாதிருத்தல் நன்று.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் ஒன்றைக் கவனிக்கலாம். பின்வாங்கில் இருந்து "என்ன சேர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையை மந்தமென்று எண்ணுகின்றோம். மூக்கின் பின்புறம் அடைத்து, செவிப்பறையின் உள்ளே நீர் கட்டிக் கேள்வி குன்றிய பிள்ளையாக அது இருக்கலாம். வாயால் மூச்சு விடுதலும் இரவுக் குறட்டையும் சேர்ந்திருப்பின் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் காட்டுதல் வேண்டும். ஒரு நாசியில் மாத்திரம் நாற்றமுள்ள சளி வருமானால் உள்ளே மணியோ புளியங்கொட்டையோ இருக்கின்றதென்று ஐயுறுக.

கொத்தமல்லித் தண்ணீருக்கு நாம் விரோதிகளல்லோம். ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது; கொதிநீர்ச் சட்டியில் வேது பிடிப்பித்துத் தோல் வெந்த பிள்ளைகளும் உளர்; கர்ப்பூரத் தைலத்தை மூக்கினுள் இடுதல் ஆபத்து. மூச்சு இழுப்புள்ள பிள்ளைக்கு வைத்தியர் இன்ஹேலர் எழுதித் தந்தால், "பழகிவிடும்" என்று அதை ஒளித்து வைப்பதும் தகாது. நெஞ்சுக்கு நேரே சிற்றளவில் போகும் மருந்து அது. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை அமைதியாய் இருக்கையில் நிமிடத்துக்கு 40 தடவைக்குக் குறையாது மூச்சு வாங்கினாலும், விலாவின் கீழ் குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் இரவென்றும் மழையென்றும் பாராது வைத்தியசாலைக்குக் கொண்டோடுதல் வேண்டும்.

எப்பொருள் ஒவ்வாதென்று அறியத் தோலில் துளியிட்டுக் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. கொழும்பு பொரளையிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கெனப் பிரிவு உளது. இங்குள்ள வைத்தியரின் கடிதத்துடன் போதல் முறை. எல்லாப் பிள்ளைக்கும் அது வேண்டியதில்லை. செல்வோர், தும்மலை அடக்கும் மருந்துகளைச் சில நாள் முன்னரே நிறுத்த வேண்டும். இல்லாவிடில் தோல் விடை கூறாது. எத்தனை நாளென்பதைக் கடிதம் வாங்கும்போதே கேட்டுக்கொள்க. பழைய மருந்துத் துண்டுகளையும் வளர்ச்சிப் புத்தகத்தையும், இருக்குமாயின் அந்த அப்பியாசக் கொப்பியையும் உடன் எடுத்துச் செல்க.