இப்போது என்ன படிக்கிறாய்?

செய்தித்தாள் அட்டைக்குள் ஒளிந்திருந்த காதல் நாவல் இன்று கைபேசித் திரைக்கு வந்துவிட்டது. ஹைதராபாத் வாசகிகள் கைமாற்றிக்கொண்டது கதைகளை மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைதராபாத்தின் ஆபிட்ஸ் பகுதியில் மூடிய கடைகளின் முன்னால், நடைபாதை நெடுக, பழைய புத்தகங்கள் பரப்பப்படுகின்றன. நுழைவுத் தேர்வுக் கையேடுகள், கம்ப்யூட்டர் பாடநூல்கள், அட்டை கிழிந்த அகராதிகள். இவற்றுக்கு நடுவே ஒரு குவியலைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் ஒல்லி. அட்டையில் ஒருவரை ஒருவர் அணைத்தபடி ஒரு வெள்ளைக்கார ஜோடி. மில்ஸ் அண்ட் பூன் நாவல்கள்.

இந்தக் குவியலில் கைவிடுபவர்கள் தலைப்பை அதிகம் பொருட்படுத்துவதில்லை. தலைப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தாளர் பெயரைப் பார்ப்பார்கள், பின்னட்டையைப் படிப்பார்கள். பழைய வாசகியாக இருந்தால் இன்னொன்றும் செய்வார்: உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளியோ, பெயரின் முதலெழுத்தோ இருக்கிறதா என்று தேடுவார். வாடகை நூலகக் காலத்து வழக்கம் இது. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து நாவல் படிப்பவருக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பது மறந்துபோகும். அதற்காகப் போட்டுவைத்த அடையாளம். சிலர் அதோடு நிற்காமல் 'சுமார்', 'அருமை' என்று தீர்ப்பும் எழுதினார்கள். அடுத்து எடுத்தவர் அதன் கீழேயே மறுப்பு எழுதினார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பெண்கள் பென்சில் முனையில் பேசிக்கொண்டார்கள்.

காதல் நாவல் படிப்பது தனியாகச் செய்கிற காரியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது கூட்டாகச் செய்யப்படுவது. ஒருத்தி வாடகைக்கு எடுத்த புத்தகம் திருப்பித் தருவதற்குள் நாலு பேர் கை மாறிவிடும். கல்லூரி விடுதியில், பஸ் நிறுத்தத்தில், அலுவலகச் சாப்பாட்டு வேளையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "இப்போது என்ன படிக்கிறாய்?" இரண்டாவது கேள்வி, "முடித்ததும் எனக்குத் தருகிறாயா?"

இந்தக் கேள்விகளைக் காது கொடுத்துக் கேட்ட ஆய்வாளர்கள் குறைவு. ராதிகா பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறைப் பேராசிரியரான அவர், 1990களில் ஹைதராபாத்தின் நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கக் கல்லூரி மாணவிகளிடையே கள ஆய்வு செய்தார். மேற்கத்தியக் காதல் நாவல்களை இவர்கள் ஏன், எப்படிப் படிக்கிறார்கள் என்பதே அவர் எடுத்துக்கொண்ட விஷயம். 1999லும் 2002லும் வெளியான அவருடைய கட்டுரைகள் காட்டும் சித்திரம் சுவாரஸ்யமானது. வீட்டில் பெரியவர்களுக்கு இந்த நாவல்கள் பிடிக்கவில்லை. பெண்ணின் மனதைக் கெடுக்கும் என்ற பயம். மாணவிகளிடம் அதற்குத் தயாரான பதில் இருந்தது: இங்கிலீஷ் வளர்கிறது.

அது வெறும் சாக்கு மட்டுமல்ல. ஆங்கில வழிக் கல்வியில் படித்தும் சரளமாகப் பேச வராத பெண்களுக்கு, எளிய வாக்கியங்களும் நிறைய உரையாடல்களும் கொண்ட இந்த நாவல்கள் பேச்சு ஆங்கிலத்துக்கு ஒரு பயிற்சிக் கூடமாகவே இருந்தன. எந்த முட்கரண்டி எதற்கு, கிரேக்கத் தீவு எப்படி இருக்கும் என்பதெல்லாம் கூடவே வந்த செய்திகள். உடல், ஆசை பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காத நிலையில், அந்த விஷயமும் இந்தப் பக்கங்களிலிருந்துதான் தெரியவந்தது. ஆனால் நாயகியைப் போல நடந்துகொள்ளப் போவதாக அந்தப் பெண்கள் நினைக்கவில்லை. பெற்றோர் பார்க்கும் மாப்பிள்ளையையே மணக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தே படித்தார்கள்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் இருக்கிறது. ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் இருவரும் 1908ல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன், ஆரம்பத்தில் எல்லாவிதப் புத்தகங்களையும் போட்ட பதிப்பகம். 1930களில் காதல் கதையே கதி என்று ஆனதற்குக் காரணம் அங்கிருந்த வாடகை நூலகங்கள். இரண்டு பென்னிக்குப் புத்தகம் தரும் கடைகள் பிரிட்டன் முழுவதும் பெருகியிருந்த காலம் அது. அவற்றுக்குச் சப்ளை செய்தே கம்பெனி வளர்ந்தது. பிரிட்டனின் பெரிய வாடகை நூலகங்களான டபிள்யூ.எச். ஸ்மித் 1961லும் பூட்ஸ் 1966லும் மூடப்பட்டன. அங்கே மறைந்த அந்த ஏற்பாடு இந்திய நகரங்களின் சந்துகளில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் செழித்தது. இறக்குமதிப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் டெபாசிட் கட்டி, நாள் வாடகைக்குப் படித்தார்கள்.

வாடகைக் கடைக்காரர் முக்கியமான ஆசாமி. யாருக்கு எந்த எழுத்தாளர் பிடிக்கும், யாருக்கு டாக்டர்-நர்ஸ் கதை வேண்டும், யாருக்குக் கோபக்கார நாயகன் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வாசகியின் ரகசியமும் அவரிடம் பத்திரம். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு நூலிலும் இப்படி ஒருவர் வருகிறார். புத்தகக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்மணி, வந்து குவியும் காதல் நாவல்களில் எதைப் படிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று வாடிக்கைக்காரப் பெண்களுக்குச் சொல்லி வந்தார். அந்தப் பெண்கள் ராட்வேயிடம் சொன்னது கதையைவிடப் படிக்கும் நேரத்தைப் பற்றித்தான். புருஷன், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் எல்லாம் செய்துவிட்டு, தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் ஒரே நேரம் அது. ஹைதராபாத் மாமியார் வீட்டில் மத்தியான வேளையில் அடுக்களையை ஒழித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்காரும் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த அடுக்களைக்குப் போன புத்தகம் பெரும்பாலும் தெலுங்கு நாவல். தமிழ் வாசகிகளுக்கு ரமணிசந்திரன் எப்படியோ, தெலுங்கு வாசகிகளுக்கு யத்தனபூடி சுலோசனா ராணி அப்படி. கிருஷ்ணா மாவட்டத்துக் காஜா கிராமத்தில் பிறந்து ஹைதராபாத்தில் வாழ்ந்தவர். 1960களின் மத்தியில் வெளியான அவருடைய 'செக்ரட்டரி' ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. வேலைக்குப் போகும் ஜெயந்தி, அவளுடைய முதலாளி ராஜசேகரம். ஆறடி உயரமும் காரும் கம்பீரமுமாக வந்த ராஜசேகரத்தைப் போல மாப்பிள்ளை வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் சொல்லிக்கொள்வது வழக்கமாயிற்று. 'ஜீவன தரங்காலு', 'மீனா' ஆகிய நாவல்கள் 1973லும் 'செக்ரட்டரி' 1976லும் படமாயின. பெண் எழுத்தாளர்களின் கொடி அவ்வளவு உயரப் பறந்ததால், ஆண்கள் சிலர் பெண் பெயரில் எழுதிய விநோதமும் தெலுங்கில் நடந்தது. பெண் பெயருக்குள் ஆண் புகுந்துகொண்டது விற்பனைக்காக. உலக இலக்கியத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்திருக்கிறது.

யத்தனபூடியின் நாவல்கள் தமிழுக்கும் வந்தன. தெலுங்கிலிருந்து அவரையும் எண்டமூரி வீரேந்திரநாத்தையும் தமிழாக்கிய கௌரி கிருபானந்தன், ஓல்காவின் கதைகளைத் தமிழில் தந்ததற்காக 2015ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது பெற்றவர். ஜனரஞ்சக நாவலும் பெண்ணியச் சிறுகதையும் ஒரே மொழிபெயர்ப்பாளரின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. வாசகிகளின் அலமாரியிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பழக்கம் விமர்சகர்களுக்கு உரியது.

அந்த விமர்சனத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பழைய மில்ஸ் அண்ட் பூன் நாயகன் கையைப் பிடித்து இழுப்பான், அவமானப்படுத்துவான். கடைசி அத்தியாயத்தில் அதற்கெல்லாம் காதல்தான் காரணம் என்பான். நாயகியும் ஒப்புக்கொள்வாள். தெலுங்கு நாவலில் நாயகியின் தன்மானம் பெரிதாகப் பேசப்பட்டாலும், அவளுடைய வாழ்க்கை கார் வைத்திருக்கும் கனவானிடம்தான் போய்ச் சேரும். காதலர்களைப் பிரிப்பது கர்வம், சந்தேகம், அந்தஸ்து வித்தியாசம். அவற்றைப் பேசித் தீர்த்துவிடலாம். பேசித் தீராத ஒன்று, அதாவது சாதி, இந்தக் கதைகளில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

வெளியே அது ஒளிந்திருப்பதில்லை. 2011-12ல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி மாறி நடக்கும் திருமணங்கள் நாட்டில் சுமார் 5 சதவீதம்தான். யத்தனபூடி சுலோசனா ராணி 2018 மே மாதம் அமெரிக்காவில் காலமானார். தெலுங்கு நாட்டின் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் அவருக்காகக் கண்ணீர் விட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், ஹைதராபாத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மிர்யாலகுடாவில், சாதி மாறி மணந்த ஒரு தலித் இளைஞர் மருத்துவமனை வாசலில் கர்ப்பிணி மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். தான் விரும்பியவனைத் தானே தேர்ந்தெடுப்பது என்ற, நாவலில் மிகச் சாதாரணமான அந்தச் சம்பவம், நிஜத்தில் எவ்வளவு விலை கேட்கும் என்பதை அந்தப் பிரதேசம் பார்த்தது.

பெண் காதல் கதை படித்தால் பெரியவர்கள் பயப்படுவது ஏன் என்பதும் இங்கே விளங்குகிறது. அட்டைப்படத்து முத்தம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்வதும், அதைத் தோழியிடம் சொல்லிப் பார்ப்பதும்தான் விஷயம். "இந்த நாயகனை எனக்குப் பிடிக்கவில்லை, ரொம்பத் திமிர்" என்று பதினெட்டு வயதுப் பெண் சொல்லும்போது அவள் நாவலைப் பற்றி மட்டும் பேசவில்லை. எப்படிப்பட்டவனைப் பிடிக்கும், எதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று யோசிக்க அவளுக்கு வேறு இடம் தரப்படவில்லை. ஆபத்தில்லாமல் ஒத்திகை பார்க்க ஒரு கதாபாத்திரம் கிடைக்கிறான்.

காட்சி பிறகு மாறியது. மில்ஸ் அண்ட் பூன் 2008ல் இந்தியாவில் நேரடியாகக் கடை விரித்தது. அடுத்த ஆண்டு நடத்திய கதைப் போட்டியில் வென்ற பெங்களூரின் மிலன் வோரா, அதன் முதல் இந்திய எழுத்தாளராக அறிமுகமானார். வெள்ளைக்கார ஜோடிக்குப் பக்கத்தில் இந்திய முகங்களும் வந்தன. அதற்குள் டெலிவிஷன் தொடர்கள் மத்தியான நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடைகளாகவும் செல்போன் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின. கடைசியில் கதையே செல்போனுக்குள் குடியேறியது. 2014ல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி செயலியில் தெலுங்கு, தமிழ் உள்படப் பன்னிரண்டு மொழிகளில் தொடர்கதைகள் வருகின்றன. யாரும் எழுதலாம். நேற்றுவரை வாசகியாக இருந்தவர் இன்று எழுத்தாளர். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் வாசகிகள் தீர்ப்பு எழுதுகிறார்கள், அடுத்த பகுதி எங்கே என்று அதட்டுகிறார்கள். பக்க மூலையில் பென்சிலால் எழுதியதற்கு இப்போது எழுதியவரே பதில் சொல்கிறார்.

வசதிதான். ஆனால் எல்லோருக்கும் இல்லை. 2019-21ம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் சுமார் 54 சதவீதம். மற்றவர்களுக்குப் புருஷனுடையதோ, அண்ணனுடையதோ, அப்பாவுடையதோதான். நாவலைச் செய்தித்தாள் அட்டை போட்டு மறைக்கலாம், பாடப் புத்தகத்துக்குள் வைக்கலாம், எதிர்வீட்டுப் பெண்ணிடம் தள்ளிவிடலாம். அண்ணனின் கைபேசியில் எதைத் திறந்தாலும் தடம் இருக்கும். வாடகைக் கடைக்காரர் காப்பாற்றிய ரகசியத்தைக் கைபேசி காப்பாற்றும் என்று நிச்சயமில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2023ல் பெங்களூர் கப்பன் பூங்காவில் ஒரு வழக்கம் தொடங்கியது. வார இறுதியில் புத்தகத்தோடு வந்து, புல்வெளியில் அமர்ந்து, மௌனமாகப் படித்துவிட்டுப் போகலாம். மற்ற நகரங்களுக்கும் அது பரவியது. அங்கே யாரும் எந்தப் புத்தகம் என்று தணிக்கை செய்வதில்லை. கையில் இருப்பது காதல் நாவலாகவும் இருக்கலாம், அட்டையை மறைக்க வேண்டியதில்லை. பொது இடத்தில், பகல் வெளிச்சத்தில், தனக்குப் பிடித்ததைப் படித்தபடி ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுடைய அம்மாவுக்குக் கிடைக்காத சுதந்திரம்.

மில்ஸ் அண்ட் பூன் ஆகட்டும், யத்தனபூடி ஆகட்டும், செல்போன் தொடர் ஆகட்டும், கடைசிப் பக்கத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். அந்த உத்தரவாதத்துக்காகத்தான் வாசகி பணம் கொடுக்கிறார். தன் வாழ்க்கைக்கு அப்படி ஓர் உத்தரவாதத்தை யாரும் தருவதில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் படித்து முடித்துப் புத்தகத்தைக் கை மாற்றும்போது, அந்தப் பக்கமிருந்து இன்னொரு புத்தகம் வரும். அது மட்டும் இதுவரை தவறியதில்லை.