ஏ1 முடித்தாச்சு, இனி என்ன? ஜெர்மன் பேசக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு



நம் குழுக்களில் நர்சிங் படித்த மகளோ மருமகளோ உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை ஜெர்மன். அந்த நாட்டில் முதியவர்கள் அதிகம், அவர்களைக் கவனிக்க ஆள் போதவில்லை. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் வேலைக்குச் சென்று வருவது பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. 2024 அக்டோபரில், இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதன் சாவி மொழிதான்.

பல பிள்ளைகள் ஆர்வமாகச் சேர்ந்து முதல் நிலையை முடிக்கிறார்கள். அதன் பிறகு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கடன் வாங்கிக் கட்டிய பணமும் வீணாகிறது. இப்படி நடுவில் நிற்பவர்கள் எப்படித் தொடரலாம், தாய்மார்களாகிய நாம் எப்படி உதவலாம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

நிலைகள் எத்தனை?

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். ஏ1 என்றால் பெயர், ஊர், குடும்பம், கடை, நேரம் பற்றி நாலு வார்த்தை பேசுவது. நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 வரை தேவை. ஆக ஏ1 என்பது வாசற்படிதான், வீடு இன்னும் உள்ளே இருக்கிறது.

கோத்தே நிறுவனத்தின் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. சென்னையில் இந்த நிறுவனத்தை மாக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வார்கள். பி1 நிலையை எட்ட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. "மூணே மாசத்துல பி2" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

ஏன் நின்றுபோகிறது?

தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிகள் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். புத்தகத்தைப் பார்த்தால் புரிகிறது, வாயைத் திறந்தால் வரவில்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. குழுவில் சேர்ந்த புதிதில் கூட்டத்தில் எழுந்து பேச நாமும் இப்படித்தானே கூச்சப்பட்டோம்? பேசிப் பேசித்தான் அது போனது. மொழிக்கும் அதே வழிதான்.

தமிழ் தெரிந்தவருக்கு எளிதாகும் இடங்கள்

1. மரியாதை: நீ, நீங்கள் என்று நமக்கு இருப்பதுபோல் அவர்களுக்கு டூ, ஸீ என்று உண்டு. நோயாளி, முதியவர், அதிகாரி எல்லோருக்கும் ஸீதான். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. எனவே ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழ் வழியாக யோசித்தால் இது சுலபம்.

2. வினை கடைசியில்: "எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்பதை "இஷ் மோஷ்டே வாஸ்ஸர் டிரிங்கன்" என்பார்கள். டிரிங்கன் என்றால் குடிக்க. அது கடைசியில் நிற்கிறது. எல்லா வாக்கியத்திலும் இப்படி வராது, ஆனால் பல இடங்களில் வரும்.

3. குழந்தை அழுகிறது: குழந்தையை நாம் 'அழுகிறது' என்றே சொல்கிறோம். ஜெர்மனிலும் குழந்தை ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, 'டாஸ் கிண்ட்' என்று மூன்றாவது வகை.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

அந்த மூன்று வகையில் ஒரு சிக்கலும் உண்டு. மேசை ஆண் வகை, டேர் டிஷ். விளக்கு பெண் வகை, டீ லாம்பே. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு சொல்லையும் டேர், டீ, டாஸ் என்ற ஒட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எண்களில் மிகுந்த கவனம் தேவை. 45 என்பதை 'ஐந்தும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். அவசரத்தில் கேட்பவர் 54 என்று எழுதிவிடலாம். நாடித்துடிப்போ மருந்தின் அளவோ எழுதும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும்?

நேரமும் அப்படியே. 'ஹால்ப் ஆக்ட்' என்ற சொல்லுக்கு நேர் பொருள் 'அரை எட்டு'. அது எட்டரை இல்லை, ஏழரை மணி. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் முதல் நாளே வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

தினம் அரை மணி நேரம்

வாரத்தில் ஒருநாள் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட தினம் அரை மணி நேரம் மேல். நம் சேமிப்பு மாதிரிதான், சிறுகச் சிறுகச் சேர வேண்டும்.

- பத்து நிமிடம் கேட்பது. டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் 'நிகோஸ் வேக்' என்ற வீடியோ பாடம் ஏ1 முதல் பி1 வரை இலவசமாக செல்போனில் கிடைக்கிறது.
- பத்து நிமிடம் கேட்டதை அப்படியே உரக்கச் சொல்வது. மனதுக்குள் சொன்னால் போதாது.
- பத்து நிமிடம் சொந்தமாகப் பேசுவது. காலையில் எழுந்தது, சமைத்தது, பஸ் ஏறியது என்று அன்றைய வேலைகளை ஐந்தாறு வரியில் சொல்லி, செல்போனில் பதிவு செய்து திரும்பக் கேட்கலாம்.

புரியாதபோது கைகொடுக்கும் சில வரிகளை முதலில் வாயில் பழக்க வேண்டும். "இஷ் ஃபெர்ஷ்டேஹே நிஷ்ட்" என்றால் எனக்குப் புரியவில்லை. "நோக் ஐன்மால், பிட்டே" என்றால் தயவுசெய்து இன்னொரு தடவை. "பிட்டே லாங்ஸாம்" என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். புரியாமல் தலையாட்டுவதைவிடத் திரும்பக் கேட்பவரே நல்ல நர்ஸ்.

அம்மா என்ன செய்யலாம்?

"எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதே" என்று நினைக்க வேண்டாம். தமிழில் கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு என்ன சாப்பிட்டே? மணி என்ன? உனக்கு எங்கே வலிக்குது?" மகள் ஜெர்மனில் பதில் சொல்லட்டும். கடை ரசீதில் உள்ள எண்ணைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் சிரிக்காமல் காத்திருங்கள். முக்கியமாக, அந்த அரை மணி நேரம் தண்ணீர் பிடிக்கவும் பாத்திரம் கழுவவும் அவளைக் கூப்பிடாதீர்கள். ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் பக்கத்து ஊர்களில் இருந்தால் ஊக்குநர் மூலம் அவர்களைச் சேர்த்துவிடுங்கள். வாரம் இருமுறை போனில் ஜெர்மனில் மட்டும் பேசிக்கொள்ளட்டும்.

பணம் பற்றி

மொத்தக் கட்டணத்துக்கும் ஒரே கடன் வாங்க வேண்டாம். ஏ2-க்கு ஒரு உள்கடன், தேர்ச்சி பெற்ற சான்றிதழைக் கூட்டத்தில் காட்டிய பிறகு பி1-க்கு அடுத்தது என்று நிலைக்கு நிலை வாங்குவது நல்லது. கோத்தே பி1 தேர்வில் நான்கு பகுதிகளும் தனித்தனி. ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். எனவே ஒருமுறை தவறியதும் படிப்பை நிறுத்திவிடக் கூடாது.

படிக்காமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவரிடம் பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்காதீர்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் விசா மறுக்கப்படும். ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவில் யார் வீட்டுப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறார் என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். நின்றுபோன படிப்பை மீண்டும் தொடங்கிவைப்பதும் குழுவின் வேலைதான்.