காதைப் பார்த்தால் இனம் தெரியும்

நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்கப் போகிறவர்கள், மண் குதிரை ஒன்றைக் கையிலெடுத்து அதன் காதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டும் வாழை மொட்டுப் போல நேராக நிமிர்ந்திருக்கும். பெருமாள் கோயில் குதிரை வாகனமும் அப்படித்தான். இது என்ன இனம் என்று கேட்டால் பொம்மைக்காரர் சிரிப்பார். அவர் மேல் தப்பில்லை. சங்க காலத்திலேயே நமக்குக் குதிரை கப்பலில் வந்திறங்கிய சரக்கு. வந்ததைப் பார்த்துக் கல்லிலும் மண்ணிலும் பொதுவாக ஒரு குதிரையைச் செய்துகொண்டோம்.

மார்வாரிக் குதிரையை அப்படிப் பொதுவாக வரைந்துவிட முடியாது. ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் பகுதியில் ராத்தோர் அரசர்கள் போருக்காக வளர்த்த இனம் அது. காதுகள் உள்பக்கமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும். தலைக்கு மேல் யாரோ கைகூப்பியது போல இருக்கும். ஏதாவது சத்தம் கேட்டால் ஒரு காது பின்னால் திரும்பும், மற்றது முன்னாலேயே நிற்கும். குஜராத்தின் கத்தியவாரிக்கும் இதே வளைவு உண்டு. இரண்டும் உறவுக்காரக் குதிரைகள்.

இன்னொரு சிறப்பு, அதன் நடை. சாதாரணக் குதிரை பெருநடை போடும்போது முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்தே எழும்பும். மேலே இருப்பவர் இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். மார்வாரிகளில் பலவற்றுக்கு ‘ரேவால்’ என்றொரு நடை பிறவியிலேயே வரும். அதில் ஒரே பக்கத்துக் கால்கள் அடுத்தடுத்து நகர்வதால் குலுக்கல் குறைவு. பாலைவனத்தில் நாள் முழுக்கப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள்.

இப்படிப்பட்ட குதிரை 1930-களிலேயே அருகிவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் மதிப்பெல்லாம் வெளிநாட்டு இனங்களுக்குத்தான். கிண்டி ரேஸில் சென்னைவாசிகள் கைதட்டியதும் தரோபிரெட்டுக்குத்தான். ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்துப் பெருக்கினார். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்களும் ஜாகிர்களும் போக, லாயங்கள் காலியாகி மறுபடி சரிவு. 1999-ல்தான் உள்நாட்டுக் குதிரைகளுக்கென ஒரு சங்கம் உருவானது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்தே 3.4 லட்சம்தான், 2012-ஐ விட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு.

பெட்டைக் குதிரை 11 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். அதனால் பிகானீரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மைய வளாகத்தில், மார்வாரிக் கருவை 7½-ஆம் நாளில் எடுத்து வாடகைத் தாய்க் குதிரையின் கருப்பையில் வைத்தார்கள். 2023 மே மாதம் பிறந்த அந்தப் பெண் குட்டிக்கு ‘ராஜ்-பிரதமா’ என்று பெயர்.

இந்த இனத்தைக் காக்கும் வேலையில் ஓவியக் கண்காட்சிக்கு என்ன இடம்? கலைஞர்கள் விலங்குக்காகப் பேசுவது அடையாறுக்குப் புதிதில்லை. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்ததன் தொடர்ச்சிதான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆனால் குதிரை ஓவியம் என்றாலே இனத்துக்கு உதவும் என்று நான் நம்பவில்லை. ஓவியர் ஹுசைனின் குதிரைகளில் வேகம் இருக்கிறது, இனம் இல்லை. அது அவர் நோக்கமும் அல்ல. இனத்தைக் காக்கும் ஓவியத்தில் காது வளைந்திருக்க வேண்டும். பார்த்தவர் அடுத்த முறை நிஜக் குதிரையைக் கண்டு, “இது மார்வாரி” என்று சொல்ல வேண்டும்.

காசு விஷயத்திலும் விவரம் வேண்டும். ஓர் இனம் பிழைப்பது வம்சப் பதிவேட்டால். தாய் யார், தகப்பன் யார் என்று எழுதிவைக்காவிட்டால், கலப்பில் காலப்போக்கில் காது நிமிர்ந்துவிடக்கூடும். ஆகவே, இனப் பாதுகாப்புக்காக என்று பலகை வைத்த கண்காட்சியில் படத்தின் விலையைக் கேட்கும்போது, அந்தப் பணம் எந்த லாயத்துக்கு, எந்தப் பதிவேட்டுக்குப் போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.