கண்ணாடி மணியும் கைவினைஞர் பெயர்வும்: அரிக்கமேட்டிலிருந்து கோல செலின்சிங் வரை

தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த ஒருவரிடம் இம்மண்ணில் தமிழர் வரலாறு எப்போது தொடங்குகிறது எனக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றே கிடைக்கும். ஒன்று, 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிய நிகழ்ச்சி. மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியும் பின்னர் இரப்பரும் பயிரிடப் பாட்டனார் கப்பலேறி வந்த கதை. முன்னது வேந்தனின் வரலாறு. பின்னது கூலித் தொழிலாளியின் வரலாறு. இவ்விரண்டிற்கும் முற்பட்ட, படையெடுப்போ ஒப்பந்தமோ சாராத மூன்றாவது உறவு ஒன்று உண்டு. அது உலையருகே நின்று கண்ணாடியை மணியாக்கிய கைவினைஞனின் உறவு. அதற்குரிய சான்றினையும் அச்சான்றின் எல்லையினையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்தது அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வு, உரோமானிய மட்கலன்களால் புகழ்பெற்றது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நிகழ்ந்த அகழாய்வு, வீலரின் காலக்கணிப்புகள் பலவற்றை மறுஆய்வுக்கு உட்படுத்தியது. ஆய்வுலகம் நெடுங்காலம் யவனக் குடங்களையே நோக்கிக்கொண்டிருந்தது. அம்மேட்டில் காலடிக்குக் காலடி சிதறிக் கிடந்த சிறு கண்ணாடி மணிகளையும், அவற்றைவிட இன்றியமையாத உடைந்த குழல்களையும் கண்ணாடிக் கட்டிகளையும் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க அறிஞர். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் கொரியா வரை கிடைக்கும் இவ்வகைச் சிறுமணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே.

இம்மணி ஊதிச் செய்யப்படுவதன்று, இழுத்துச் செய்யப்படுவது. கண்ணாடியை ஊதிக் கலனாக்கும் கலை கி.மு. முதல் நூற்றாண்டில் நடுநிலக்கடலின் கிழக்குக் கரையில் தோன்றியது. அதற்கு முன்பே தென்னிந்தியக் கைவினைஞர் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை இம்முறை வழக்கில் இருந்ததைப் பிரான்சிஸ் நேரில் கண்டு பதிவு செய்தார். 'லாடா' எனப்படும் நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டி, உருட்டிக் கூம்பாக்குவர். குழலின் உட்புறமாகக் கம்பியைச் செலுத்தி அக்கூம்பின் நடுவே துளையிடுவர். பின்னர் அதனை மீண்டும் உலையினுள் வைக்க, எதிர்த்திறப்பில் அமர்ந்த முதன்மைக் கைவினைஞர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுப்பார். துளை மூடாமலும் இழை அறாமலும் மெல்லிய குழல் நீண்டுகொண்டே வரும். இழுக்கும் கை சற்றே விரைந்தால் குழல் மெலியும், தயங்கினால் தடிக்கும். குழல்களைத் துண்டித்துக் கற்றையாக்கி, உளிமுனையில் வைத்து மணியளவாக நறுக்குவர். கூரிய விளிம்பு மழுங்க, நறுக்கிய துண்டுகளைச் சாம்பலுடன் கலந்து சூட்டில் கிளறுவர். சாம்பல் துளைக்குள் புகுந்து அது அடைபடாமல் காக்கும். ஒரே இழுப்பில் எண்ணற்ற மணிகள் பிறப்பதால்தான் இவை மலிவாகவும் மிகுதியாகவும் கடல் கடந்து சென்றன.

இனி நம் தீபகற்பத்திற்கு வருவோம். பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காட்டினுள் உள்ளது கோல செலின்சிங். கோல சிலாங்கூர்க் கழிமுகத்தின் அலையாத்திக் காட்டையும் சேற்றையும் அறிந்த ஆசிரியர்க்கு அந்நிலத்தோற்றம் புதிதாக இராது. ஐவர் எவன்ஸ் 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அங்கு அகழ்ந்தார்; பின்னர் மலேசிய ஆய்வாளர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். மணிகள் கிடைத்தன என்பது மட்டுமாயின் வணிகம் நிகழ்ந்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. மணி எவர் கழுத்திலும் ஏறிப் பயணம் செய்யும். ஆனால் கழிவுப்பொருள் பயணம் செய்யாது. கோல செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் கண்ணாடிக் கட்டிகள், நறுக்கப்படாத குழல் துண்டுகள், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுதான மணிகள் முதலியன கிடைத்துள்ளன. ஆகவே அங்கு மணி விற்கப்பட்டதோடு செய்யவும் பட்டது. சிலாங்கூர் மாநிலத்திலோ, தென்பகுதியிலுள்ள சுங்கை லாங்கில் வெண்கல முரசுகளுடன் கண்ணாடி மணிகள் கிடைத்தனவேயன்றி, அவை அணிந்தோரின் தடயமே, செய்தோரின் தடயமன்று.

செய்தவர் யார்? அரிக்கமேட்டிலிருந்து கைவினைஞரே பெயர்ந்து இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ, நம் நாட்டின் கோல செலின்சிங் ஆகிய இடங்களில் உலை அமைத்தனர் என்பது பிரான்சிஸின் கருத்து. அவருக்குப் பின் வந்த வேதியியல் ஆய்வுகள் இதனைச் சிக்கலாக்கின. தென்னிந்திய, இலங்கைக் கண்ணாடியில் அலுமினியச் சேர்மம் மிகுந்திருக்கும். மணலோடு உவர்மண்ணின் காரத்தைச் சேர்த்து உருக்கியதன் விளைவு அது. நம் வண்ணார் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய அதே உவர்மண்தான். தென்கிழக்காசியாவில் கிடைத்த மணிகளுள் பலவும் இவ்வினத்தைச் சார்ந்தவை. எனவே கண்ணாடியைப் புதிதாக ஆக்குவது ஓரிடத்திலும், அக்கட்டியைத் தருவித்து உருக்கி மணியாக்குவது வேறிடத்திலும் நடந்திருக்கக் கூடும். மணியாக்கியோர் உள்நாட்டினராகவும் இருக்கலாம்.

கண்ணாடிக் கட்டி தனியே பயணம் செய்யலாம். இழுக்கும் கையின் பக்குவம் அவ்வாறு செல்லாது என்பது நம் கருத்து. முடிவுற்ற மணியைப் பார்த்து இம்முறையை ஊகிப்பது அரிது. பலர் கூடி, ஒருவர் கைக்கு மற்றவர் கை ஒத்திசைந்து செய்யும் தொழில் இது. உடனிருந்தே கற்க வேண்டியது. ஆகவே முதல் உலைகளில் சிலவற்றின் அருகேயேனும் தென்னிந்தியக் கை இருந்திருத்தல் வேண்டும். கைவினைஞர் நாடுவிட்டு நாடு செல்வது அக்காலத்திற்குப் புதுமையும் அன்று. மகத, மராட்ட, அவந்தி நாட்டுத் தொழிலாளரும் யவனத் தச்சரும் தமிழ்க் கைவினைஞரோடு கூடிப் பணிபுரிந்ததை மணிமேகலை கூறுகிறது. வந்தவர்களை அறிந்த நாம், சென்றவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. எனினும் அக்கையினர் அனைவரும் தமிழரே என்றோ, கோல செலின்சிங் தமிழர் குடியேற்றம் என்றோ எழுதுவது சான்று தராத இடத்திற்குத் தாவுவதாகும். மேடைகளில் இத்தாவல் அடிக்கடி நிகழ்கிறது. அதனால் உண்மையான சான்றும் ஐயத்திற்கு உள்ளாகிறது.

மலாய் மொழியில் மணியைக் குறிக்கும் 'மானிக்' என்னும் சொல் இந்திய மூலம் உடையது. நம் 'மணி'யோடு உறவுடையது. இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் செம்மணிகளை 'முத்திசாலா' என்பர். பொய்முத்து என்பது அதன் பொருள். செம்பைக் கண்ணாடியில் கலந்து, புகைமிகுந்த உலையில் காற்றைக் கட்டுப்படுத்திப் பெறும் நிறம் அது. திமோரில் அம்மணிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் செல்வமாகக் காக்கப்பட்டு, மணக்கொடையாகவும் வழங்கப்பட்டன. வகுப்பறையில் இச்சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். கெடாவின் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சண்டிகளின் அடித்தளங்களோடு திரும்பிவிடுகின்றனர். கண்ணாடிப் பேழையினுள் கடுகளவாகக் கிடக்கும் மணிகளின் முன்னும் சற்று நேரம் நிற்கச் செய்தல் வேண்டும். அவற்றின் துளையை உற்றுநோக்கச் சொல்லுதல் வேண்டும்.