வெள்ளிக் காப்பும் வெள்ளைக் காளானும்

ஐப்பசி மாதத்து முதல் இடி முழங்கிவிட்டால் எங்கள் ஊர்ச் சிறுவர்க்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. இடி முழங்கினாற் காளான் முளைக்கும் என்பது முதியோர் வாக்கு. மண்ணை நெகிழ்த்துவது மழையே. இடி அதன் கட்டியக்காரன் மாத்திரமே. ஆயினும் அந்த நம்பிக்கையோடு ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் தம்பியும் விடியுமுன்னே புற்றடிக்கு ஓடுவோம்.

காளானை எங்கள் அப்பாச்சி அறிந்த அளவுக்கு அவ்வூரில் வேறெவரும் அறியார். குடையின் நடுவே கூரிய குமிழ் இருக்கிறதா, தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் வால்போன்ற நீண்ட வேர் உடன்வருகிறதா என்று பார்ப்பார். வேர் இருந்தாற்றான் அது அடுப்பேறும்.

எனக்குப் பத்து வயதான ஆண்டில் ஒருநாள், புற்றடியில் ஒன்றும் கிட்டாமற் போகவே, மாட்டுப் பட்டியருகே புல்வெளியில் நின்ற வெண்குடைகள் சிலவற்றைப் பறித்தோம். மண் ஒட்டியிருந்தால் ஏச்சு விழும் என்று தண்டுகளை நானே ஒடித்தெறிந்தேன். வேரைக் காணாத அப்பாச்சி ஐயுற்றார்.

“எங்கேயடா பிடுங்கினாய்?”

“புற்றடியில்” என்றேன்.

அயலவர் ஒருவர் சொன்னபடி வெள்ளிக் காப்பொன்றைக் கறிச்சட்டியில் இட்டுப் பார்த்தார். அது கறுக்கவில்லை. கறி சிறிதாகையாற் பெரும்பங்கு இளையவனுக்கே கிடைத்தது. இரண்டு மணி நேரம் ஆகுமுன் அவன் வாந்தியெடுக்கத் தொடங்கினான். விடியும்வரை அவன் உயிர் ஊசலாடிற்று. வைத்தியசாலையிற் கிடந்து பிழைத்தான். அப்பாச்சியோ பழியைத் தம்மேலேயே போட்டுக்கொண்டார். அதன்பின் காளானைத் தொட்டதே இல்லை.

ஆசிரியனான பின்னர், மாணவருடன் உலாவுகையில் அதேபோன்ற காளானை மீண்டும் கண்டேன். குடையை வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேற் கவிழ்த்து, கோப்பையால் மூடி ஓர் இரவு வைத்தோம். காலையில் வெள்ளைப் பாதியிலே மங்கிய பச்சைத் தூள் படிந்திருந்தது. காளானின் வித்திகளே அவை. புற்றுக்காளானாயின் அத்தூள் இளஞ்சிவப்பாக இருந்திருக்கும். குளோரோபில்லம் மொலிப்டைற்றிஸ் என்பது இப்புல்வெளிக் காளானின் பெயர். இளமையில் அதன் அடியிதழ்கள் வெண்மையாகவே இருக்கும். முதிர்ந்த பின்னரே பச்சை புலப்படும். வெள்ளி இதனை அறிவிக்காது. ஐரோப்பாவிலே பலரைக் கொன்ற மரணத்தொப்பிக் காளானும் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. சமைத்தாலும் அதன் நஞ்சு நீங்குவதில்லை.

அப்பாச்சி தேடிய வேருக்கோ உண்மைப் பொருள் உண்டு. புற்றினுள்ளே கறையான் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்தோடு காளானைத் தொடுப்பது அவ்வேரே. பேராதனையிற் பணியாற்றிய பெச் என்னும் அறிஞர் 1906ஆம் ஆண்டிலேயே கறையான் புற்றுப் பங்கசுகளைப் பற்றி எழுதினார். பிஸ்பி என்பவருடன் அவர் ஆக்கிய இலங்கைப் பங்கசு நூல், அவர் மறைந்தபின் 1950இல் வெளிவந்தது. அவர்க்கு முன்னரே, பேராதனைப் பூந்தோட்டத் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்திலே பேர்க்கிலி ஆராய்ந்து பெயரிட்டார்.

மரத்துப் பங்கசுகளை அறிவதற்கும் இதுவே வழி. நிறத்தை மாத்திரம் நம்பலாகாது. எம்மரம், உயிருள்ளதா பட்டதா, அடியிலா கிளையிலா என்று முதலிற் கேட்க வேண்டும். பட்ட கொம்பிலே சாம்பல்நிறச் சிறு விசிறிகளாய் அடர்ந்து, அடியிதழ்கள் நீளவாட்டிற் பிளந்து காண்பது ஸ்கிசோபில்லம். ஈரக்கட்டையிலே காதுமடல்போல் மெத்தென்றிருந்து, வெயிலிற் சுருங்கி மழையில் மீண்டும் விரிவது ஒரிகுலேரியா. நிற்கும் மாவின் அடியிலே தட்டுப்போல் நீட்டி, கட்டைபோல் இறுகி, கபிலநிறத் தூளைச் சொரிவது கனொடேமா. அது வெளியே தலைகாட்டுமுன்னரே மரத்தின் உள்ளே அழுகல் பரவியிருக்கும். மேலே தழைத்த இலைகளைக் கண்டு மயங்கி, அம்மரத்தின்கீழ்ப் பிள்ளைகளை விளையாட விடலாகாது.

அப்பாச்சி மறைந்து பல்லாண்டுகள் ஆயின. புல்வெளியிற் பறித்ததையும் தண்டை ஒடித்ததையும் நான் அவரிடம் சொல்லவேயில்லை. அவருடைய அறிவு பிழைக்கவில்லை; அது பற்றிநின்ற அடையாளத்தை நானே ஒடித்தெறிந்தேன். ஆகவே மாணவரிடம் இன்று முதலிற் சொல்வது இதுதான்: காளானை ஒடிக்காதீர்கள். வேரோடும் மண்ணோடும் கொண்டுவாருங்கள். நின்ற இடத்தைப் பொய்யாமற் சொல்லுங்கள். ஐயமிருப்பின் உண்ணாதீர்கள்.