வளரும் பிள்ளைகள், மாறும் பயங்கள்

 

சென்ற ஆண்டு நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நேர்காணலுக்கு வரவில்லை. "அக்கறை இல்லாத பிள்ளை" என்று முடிவு செய்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டோம். பிறகு அவனுடைய உம்மா வந்து சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. பிள்ளை வாசல்வரை வந்திருக்கிறான். உள்ளே நாங்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டான். குரல் உடையும் வயது. வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம். சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா ஆண்டு விழாவில் கூச்சமின்றி கிராஅத் ஓதியவனும் இவன்தான்.

வயது கூடினால் பயம் போய்விடும் என்று நினைக்கிறோம். போவதில்லை, மாறுகிறது. கைக்குழந்தைக்குப் புதுமுகமும் உம்மாவைப் பிரிவதும் பயம். மூன்று வயது முதல் இருட்டும் பேயும். பள்ளி வயதில் இடி, பாம்பு, பெற்றோர் மவுத்தாகிவிடுவார்களோ என்ற கவலை. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் மனிதர்களின் பார்வையே பெரிய பயம். பிறர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஊகிக்கும் அறிவு அப்போதுதான் கூர்மையாகிறது. உடலும் மாறுகிறது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் உடையில் கறை பட்டுவிடுமோ என்ற பயம். நிதானிக்க உதவும் முன்மூளையோ முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய 25 வயதாகிறது.

சின்னப் பிள்ளை பயந்தால் அழுது மடியில் ஏறும். வளர்ந்த பிள்ளை சொல்லாது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, எரிச்சல், சாத்திய கதவு, "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற ஒற்றைப் பதில். இதைத் திமிர், சோம்பல் என்று நாம் திட்டுகிறோம்.

ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள், தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாகும், நாவு சரளமாக வராது என்று முறையிட்டார்கள். அல்லாஹ் அந்தப் பணியை நீக்கவில்லை. சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக அனுப்பினான். நமக்கும் இதுவே வழி. பயப்படும் காரியத்திலிருந்து பிள்ளையை முழுவதும் விலக்கினால் பயம் வளரும். தனியே தள்ளிவிட்டாலும் வளரும். துணை நின்று சிறிது சிறிதாகப் பழக்குங்கள். உறவினர் முன் கேலி செய்யாதீர்கள். அனஸ் (ரலி) அவர்கள் ஏறக்குறைய பத்து வயதிலிருந்து பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூட "சீ" என்ற சொல்லைக் கேட்டதில்லை. அதுவும் இதே வளரும் பருவம்தான்.

பயத்தால் தூக்கம், சாப்பாடு, படிப்பு வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

நாங்களும் திருத்திக்கொண்டோம். இப்போது நேர்காணலில் ஒருவர் மட்டுமே, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். அந்த மாணவன் மறுபடி வந்தான். மெல்லத்தான் பேசினான், ஆனால் பேசினான், அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியைத் தருவானாக! ஆமீன்.