முந்திரிகையாற் பெயர் பெற்ற நாடு

ஊரின் பெயரில் அவ்வூரின் பயிர் மறைந்திருத்தல் புதிதன்று. கேகாலை மாவட்டத்துப் புலத்கொஹுபிட்டிய என்னும் பெயரின் முதற் சொல்லாகிய 'புலத்', சிங்களத்தில் வெற்றிலையைக் குறிக்கும். தமிழகத்துத் திருவாரூரிலுள்ள கொடிக்கால்பாளையத்தின் பெயரிலும் வெற்றிலைத் தோட்டமாகிய 'கொடிக்கால்' விளங்குகின்றது. இவ்வாறே முந்திரிகை, அதாவது திராட்சைக் கொடியாற் பெயர் பெற்ற நாடு வின்லாந்து ஆகும்.

1000 ஆம் ஆண்டளவில், கிரீன்லாந்திலிருந்து புறப்பட்ட லீவ் எரிக்சன் என்பவர் வட அமெரிக்கக் கரையை அடைந்து இப்பெயரை இட்டார் என்று ஐஸ்லாந்தின் பழங்கதைகள் கூறுகின்றன. அங்கே முந்திரிகை தானாகவே வளர்ந்து நல்ல மதுவைத் தருகின்றதென, பிரேமன் நகரத்து ஆதாம் என்னும் குருவானவர் 1075 ஆம் ஆண்டளவில் எழுதிவைத்தார்.

பிற்காலத்தில் இப்பெயர் பற்றி ஐயம் எழுந்தது. பழைய நோர்ஸ் மொழியில் 'வீன்' என நெடிலாயின் மது. 'வின்' எனக் குறிலாயின் புல்வெளி. எனவே 'புல்வெளி நாடு' என்பதே பொருளெனச் சிலர் வாதிட்டனர்.

1960 ஆம் ஆண்டில் நியூபவுண்ட்லாந்தின் வடமுனையில் அம்மக்களின் குடியிருப்பு கண்டுபிடிக்கப்பட்டது. அவ்விடத்தின் குளிரில் முந்திரிகை வளராது. ஆயினும் ஒருவகை வாதுமைக் கொட்டையின் ஓடுகள் அகழ்வில் கிடைத்தன. அம்மரமும் அத்தீவில் வளர்வதில்லை. தெற்கே, காட்டு முந்திரிகை வளரும் நிலப்பகுதியிலேயே உண்டு. ஆகவே அம்மக்கள் முந்திரிகை வளரும் நிலம்வரை சென்று மீண்டனர் எனத் துணியலாம். 'மது நாடு' என்ற பொருளுக்கு இது வலுவூட்டுகின்றது.

இதனால் நாம் அறிய வேண்டியது யாது? நாட்டின் பெயர் முந்திரிகையைச் சொன்னது. ஆனால் அவர்கள் வீடு கட்டிய நிலத்தில் அக்கொடி இல்லை. பெயரும் புகழும் பரந்த நாட்டுக்கு உரியன. பயிரோ அந்தந்த நிலத்துக்கு உரியது.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை செழித்திருப்பதைக் கண்டு, கலவானையிலும் அதனை நட விரும்புவோர் இதனைச் சிந்திப்பாராக. பழம் முதிருங்கால் அக்கொடிக்கு வறண்ட வானிலை வேண்டும். நமது பகுதியோ மழை மிகுந்த ஈரவலயம். ஓயாத ஈரத்தில் இலையையும் குலையையும் பங்கசு நோய் தாக்கும். முதலும் உழைப்பும் வீணாகும்.

கொடிப்பயிர் வேண்டுவோர் மிளகை நாடுக. நீர் தேங்காத இடத்தில், கிளிரிசிடியா போன்ற உயிர்த்தாங்கு மரங்களில் அதனை ஏற்றி வளர்க்கலாம். கன்று வாங்குமுன் நிலத்தை நோக்குக. ஐயமுண்டாயின் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.